குழந்தையை நெருங்க நெருங்கக் குறையும் ஊதியம்

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்க. மறுப்பு உள்ளோர் அவசியம் வாசிக்க.)

முனைவர் பட்ட ஆய்வின் இறுதிக் கட்டத்தை எட்டிய நண்பர்கள் பலர் அண்மைக்காலமாக ஒரே வினாவை எழுப்பி வருகின்றனர். பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பணியிடங்கள் அருகிவிட்டன. மழலையர் கல்வித் துறையில் இயங்கும் நிறுவனங்களில் நமக்கு இடமுண்டா? மொழியியல் பயின்றோரிடமிருந்து இவ்வினா கூடுதலாகவே வருகிறது. காரணமும் தெளிவானது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை ‘அடித்தள நிலை’ என வகுத்தது. 2022 அக்டோபரில் அதற்கான கலைத்திட்டச் சட்டகம் வந்தது. 2023-இல் அங்கன்வாடிகளுக்கென ‘போஷண் பீ படாயீ பீ’ திட்டம் வந்தது. தாய்மொழிவழிக் கல்வி, பன்மொழி வகுப்பறை, எண்ணெழுத்தறிவு என்று எங்கும் பேச்சு. பேச்சு பெருகும் இடத்தில் வேலையும் பெருகும் என்று நாம் நம்புகிறோம்.

இடமுண்டு என்பதே என் விடை. அந்த இடம் எந்தத் தளத்தில் இருக்கிறது, அதன் எடையை யார் தாங்குகிறார்கள் என்பதைக் கேட்காமல் அதில் அமரக் கூடாது என்பதே இப்பதிவின் வாதம்.

மழலையர் கல்வித் துறை ஓர் இரண்டடுக்கு வீடு. மேல்தளத்தில் குழந்தைகளைப் பற்றி எழுதுவோர் இருக்கின்றனர்: கலைத்திட்ட வடிவமைப்பாளர், மதிப்பீட்டு ஆலோசகர், ஆய்வு மேலாளர், கொள்கைப் பகுப்பாய்வாளர். கீழ்த்தளத்தில் குழந்தைகளோடு தரையில் அமர்வோர் இருக்கின்றனர்: அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர், குழந்தைக் காப்பகப் பணியாளர், மழலையர் பள்ளி ஆசிரியை. மேலிருந்து கீழே வரப் படிக்கட்டு உண்டு. அதற்குக் ‘கள ஆய்வு’ என்று பெயர். கீழிருந்து மேலே செல்லும் படிக்கட்டை யாரும் கட்டவில்லை. குழந்தையிடமிருந்து எவ்வளவு தொலைவில் அமர்கிறோமோ அவ்வளவுக்கு ஊதியம் கூடுகிறது. நெருங்க நெருங்கக் குறைகிறது. இதை விதியென்றே சொல்லலாம்.

எண்களைப் பார்ப்போம். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடிகள். 2018 அக்டோபரில் மத்திய அரசு தன் பங்காக நிர்ணயித்த தொகை பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு மேலாகியும் அத்தொகை அசையவில்லை. தில்லி அரசு தன் பங்கையும் சேர்த்து, பயணப்படி, தொலைத்தொடர்புப் படி எல்லாவற்றையும் உள்ளடக்கி, 2022-இல் பணியாளருக்கு 12,720 ரூபாய், உதவியாளருக்கு 6,810 ரூபாய் என உயர்த்தியது. இதே நகரில், இதே வயதுக் குழந்தைக்கு, அரசுப் பள்ளியில் கற்பிக்கும் நர்சரி உதவி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ஏழாவது ஊதியக்குழுவின் ஆறாம் நிலை, அதாவது 35,400 ரூபாய். குழந்தைக்கு நான்கு வயது. இரு இடத்திலும் அதே பாட்டு, அதே கதை, அதே மூக்கொழுகல். ஒருவர் ஆசிரியர் என்று அழைக்கப்படுகிறார், இன்னொருவர் அழைக்கப்படவில்லை என்பதே வேறுபாடு.

மொழியியல் மாணவி என்ற முறையில் எனக்கு இந்த அழைப்பில்தான் அக்கறை. அங்கன்வாடிப் பணியாளர் பெறுவது சட்டத்தின் கண்ணில் ஊதியமன்று, ‘மதிப்பூதியம்’. தமிழில் முன்னொட்டுகள் பொதுவாகப் பொருளைக் கூட்டும். இங்கே ‘மதிப்பு’ வந்து ஒட்டியதும் ஊதியம் சுருங்கிவிடுகிறது. மதிப்பும் வந்து சேர்வதில்லை. 2006-இல் அமீர்பீ வழக்கில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்போர் அல்லர் என்றது. 2022 ஏப்ரலில் மணிபென் மகன்பாய் வழக்கில் அதே நீதிமன்றம், இப்பணியைப் பகுதிநேர வேலையெனக் கொள்ள இயலாது, பணிக்கொடை பெற இவர்களுக்கு உரிமையுண்டு என்று தீர்ப்பளித்தது. இடையில் கழிந்தவை பதினைந்தாண்டுகளுக்கும் மேல்.

அதே 2022-இல் தில்லியில் நிகழ்ந்ததையும் நினைவுகூர்க. ஜனவரி 31 அன்று அங்கன்வாடிப் பெண்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த போராட்டத்தை மார்ச் மாதத்தில் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டு முடக்கினர். 800-க்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஊதியம் கேட்கையில் அவர் கௌரவத் தன்னார்வலர். வேலையை நிறுத்துகையில் அவர் அத்தியாவசியப் பணியாளர். ஒரே பெண்ணுக்கு ஒரே மாதத்தில் இரண்டு அகராதிகள். இதைவிடத் தெளிவான சொற்பொருளியல் பாடத்தை எந்த வகுப்பறையிலும் நான் கற்றதில்லை.

தமிழ்நாட்டை விதிவிலக்காகக் கருதிப் பெருமிதம் கொள்வோர்க்கும் ஒரு சொல். 2019 தொடக்கத்தில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. அங்கு முதலில் அனுப்பப்பட்டோர் உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள். மழலையர் வகுப்புக்கு அனுப்பப்படுவதைத் தண்டனையாகவும் தகுதியிறக்கமாகவும் கருதி அவர்களுள் பலர் எதிர்த்தனர். 2022-இல் அவர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குத் திரும்ப அழைக்கப்பட்டனர். வகுப்புகள் நின்றுவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. எதிர்ப்புக்குப் பின் சிறப்பாசிரியர்களை நியமிக்க முடிவாயிற்று. தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். ஆசிரியர் பயிற்சி முடித்தவர்க்கு ஐயாயிரம்! கொள்கை ஆவணத்தில் மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி ஆறு வயதுக்குள் நிகழ்கிறது என்கிறோம். ஊதியப் பட்டியலில் ஆறு வயதுக்குப் பின்தான் கல்வி தொடங்குகிறது என்கிறோம்.

இனி மேல்தளத்துக்கு வருவோம். இத்துறையின் கருத்தரங்கு எதற்குச் சென்றாலும் ஒரு வாசகம் தவறாமல் ஒலிக்கும்: மழலையர் கல்வியில் இடும் ஒவ்வொரு ரூபாயும் பன்மடங்காகத் திரும்பி வரும். இதன் ஊற்று, நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் மறுஆய்வு செய்த பெர்ரி மழலையர் பள்ளித் திட்டம். 1962 முதல் 1967 வரை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாந்தி என்னும் ஊரில் 123 குழந்தைகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு அது. ஆதாயக் கணக்கை மேற்கோள் காட்டுவோர் அத்திட்டம் எப்படி நடந்தது என்பதைச் சொல்வதில்லை. ஏறத்தாழ ஆறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். அனைவரும் முறையாகத் தகுதி பெற்றவர்கள். பொதுப்பள்ளி ஆசிரியருக்குக் குறையாத ஊதியம். வாரந்தோறும் குழந்தையின் வீட்டுக்குச் சென்று தாயோடு அமர்தல். அந்த ஆதாயத்தை ஈட்டியவர்கள் அந்த ஆசிரியர்கள். நாம் ஆதாயத்தை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு ஆசிரியரை அங்கேயே விட்டுவிட்டோம். பின்லாந்தில் மழலையர் ஆசிரியராகப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். நம் கல்விக் கொள்கையோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறுமாதச் சான்றிதழ்ப் படிப்பும், அதற்குக் குறைவாகப் படித்தோர்க்கு ஓராண்டுப் பட்டயமும் போதும் என்கிறது. அதையும் தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் தரலாம் என்கிறது.

இப்போது மொழியியலாளர்க்கு இத்துறை ஒதுக்கியிருக்கும் வேலையைப் பார்ப்போம். நிறுவனம் ஒன்றின் நேர்காணலில் என்னிடம் கேட்கப்பட்டது இது: மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் சொல்வளத்தை அளக்க, படங்கள் கொண்ட மதிப்பீட்டுக் கருவி ஒன்றை நான்கு மாதங்களில் வடிவமைத்துத் தர முடியுமா? மொழி இந்தி. களம் கிழக்குத் தில்லி. எந்தெந்த வீட்டுமொழிகள் பேசும் குழந்தைகள் அங்கிருக்கிறார்கள் என்று கேட்டேன். அத்தகவல் திரட்டப்படவில்லை, திட்ட வரையறைக்குள் அது வராது என்றனர். பெயர் தேவையில்லை, இவ்வுரையாடல் எந்த நிறுவனத்திலும் நிகழக்கூடியது.

நான் வாழும் மயூர் விஹாரையே எடுத்துக்கொள்க. தில்லித் தமிழ்க் குடும்பங்களும் மலையாளக் குடும்பங்களும் கணிசமாக வாழும் பகுதி. அடுக்ககத் தரைத்தளங்களில் ஆங்கிலப் பெயர் தாங்கிய விளையாட்டுப் பள்ளிகள். சாலையைக் கடந்தால் எழுபதுகளில் மறுகுடியமர்வுக்கென உருவான திரிலோக்புரி. மேற்கே யமுனைப் படுகையில் காய்கறி பயிரிடுவோரின் குடிசைகள். இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் இந்தி, போஜ்புரி, மைதிலி, வங்காளம், தமிழ், மலையாளம் பேசும் மூன்று வயதுக் குழந்தைகள். இவர்கள் அனைவரிடமும் ஒரே படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதுதான் ‘கருவி’.

படத்தில் காகம் இருக்கிறது. தமிழ்க் குழந்தை ‘காக்கா’ என்கிறது. இந்தியில் ‘காகா’ என்றால் சித்தப்பா. மதிப்பீட்டாளர் தவறு என்று குறிக்கிறார். குழந்தை ‘கானா’ என்ற சொல்லை மூச்சொலி இல்லாமல் ஒலிக்கிறது. உச்சரிப்புக் குறைபாடு என்று குறிக்கிறார். தமிழில் அந்த மூச்சொலி வேறுபாடே இல்லை என்பது படிவத்தில் எழுதக்கூடிய செய்தியன்று. மைதிலி பேசும் குழந்தையின் நிலை இன்னும் விந்தை. மைதிலி வினைச்சொல் எழுவாய்க்கு மட்டுமின்றிச் செயப்படுபொருளுக்கும் இயைந்து மாறும். மரியாதைப் படிநிலைகளும் அதில் ஏறும். இந்தியைவிடச் சிக்கலான அந்த இயைபமைப்பை வீட்டில் கேட்டே கற்றுக்கொண்டு வரும் குழந்தை, நம் கருவியின் முன் ‘மொழிவளம் குன்றியவள்’ ஆகிறாள். அவளுக்குக் குறைவு இல்லை. அவள் சொல்வதைக் கேட்கும் செவி அறையில் இல்லை. அந்தச் செவிக்கு ஊதியம் தர நிறுவனத்தின் வரவு செலவில் பத்தி இல்லை. கருவிக்கு மட்டும் பத்தி இருக்கிறது.

2025 ஜூன் முதல் நாள் ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டதை நாமெல்லோரும் பகிர்ந்தோம், வருந்தினோம். ஏறத்தாழ 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189 குடும்பங்கள். அவையும் நகரின் வடகோடி நரேலாவில். அங்கிருந்த மூன்று வயதுத் தமிழ்க் குழந்தைகள் இன்று எந்த அங்கன்வாடியின் பதிவேட்டில் இருக்கின்றனர்? அங்கே அவர்கள் பசிக்கிறது என்று சொன்னால் புரிந்துகொள்ள ஒருவராவது இருக்கிறாரா? தாய்மொழி பற்றிய அறிக்கைகள் மலிந்த இந்நகரில் இவ்வினாவுக்கு விடையளிக்கக்கூடிய நிறுவனம் எது? தெரிந்தவர் சொல்லட்டும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை அறிவேன்.

முதலாவது, நிறுவனங்களின் கைகள் கட்டப்பட்டுள்ளன, நிதி தருவோர் திட்டத்துக்குத்தான் தருகின்றனர் என்பது. இதில் உண்மை உண்டு. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கச் சொல்கிறது. அப்பணம் ஆண்டுக்கணக்கில் இலக்குகளைக் கேட்கிறது. 2020-இல் திருத்தப்பட்ட அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டம், அப்பணத்தைப் பெறும் அமைப்பு பிறிதோர் அமைப்புக்கு அதை மாற்றித் தருவதைத் தடை செய்தது. தெருமுனையில் காப்பகம் நடத்தும் சிறு குழுக்களுக்குச் சென்ற நீரோடை அதனால் அடைபட்டது. இவையெல்லாம் உண்மையே. ஆனால் கிடைக்கும் பணத்தைத் தமக்குள் எப்படிப் பகிர்கின்றனர் என்பதைச் சட்டம் தீர்மானிக்கவில்லை, நிறுவனமே தீர்மானிக்கிறது. ஆலோசகரின் ஒரு நாள் கட்டணம் கீழ்த்தளப் பெண்ணின் ஒரு மாத வருவாயை எட்டிப்பிடிக்கும் பட்டியலை யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார். அந்தக் கைகளை யாரும் கட்டவில்லை.

இரண்டாவது, ஆய்வு இல்லாமல் கொள்கை எப்படி மாறும் என்பது. ஆய்வு வேண்டாம் என்று ஓர் ஆய்வாளர் சொல்வாரா? அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் மழலையர் கல்வி மையமும் அசர் மையமும் யுனிசெப்பும் இணைந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு ராஜஸ்தான், தெலங்கானா, அசாம் மாநிலங்களில் சுமார் 14,000 குழந்தைகளை நான்கு வயது முதல் எட்டு வயது வரை பின்தொடர்ந்தது. அங்கன்வாடியோ தனியார் மழலையர் பள்ளியோ, குழந்தைகளின் வயதுக்கேற்ற கற்பித்தல் பெரும்பாலும் இரண்டிலும் இல்லை என்பதை அது காட்டியது. அத்தகைய ஆய்வு தேவை. என் வினா வேறு. அங்கன்வாடிப் பணியாளர் அவ்வாய்வுகளில் ஏன் எப்போதும் அளக்கப்படுபவராகவே இருக்கிறார்? அளப்பவராக ஏன் ஆவதில்லை?

ஆக முடியும் என்பதற்கு இந்நகரின் வரலாறே சான்று. 1969-இல் இராஜ்காட் அருகே கட்டுமானத் தொழிலாளர்களின் குழந்தைகள் மண்ணில் கிடந்ததைக் கண்டு மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியதே மொபைல் கிரெச்சஸ். அப்பணியில் தோள் கொடுத்தவர்களுள் ஒருவர் மீனா சுவாமிநாதன். தில்லியின் அதிகார வட்டத்தைத் தமிழ்ப் புதினங்களில் தோலுரித்த ‘கிருத்திகா’ மதுரம் பூதலிங்கத்தின் மகள். வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதனின் துணைவி. இவ்வுறவுகளைச் சொல்லியே நாம் அவரை அறிமுகப்படுத்தப் பழகிவிட்டோம். உண்மையில் அவரை அறியவேண்டியது 1972-ஆம் ஆண்டின் அறிக்கைக்காக. மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த, பள்ளிமுன் பருவக் குழந்தை பற்றிய ஆய்வுக்குழுவுக்கு அவரே தலைவர். மூன்றாண்டுகளில் பிறந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு வித்திட்டவற்றுள் அவ்வறிக்கை முதன்மையானது. நாட்டின் ஆகப்பெரிய மழலையர் திட்டத்துக்கான சிந்தனை, குழந்தைகளின் அருகே அமர்ந்து பழகிய ஒருவரிடமிருந்தும் வந்தது. 2022-இல் அவர் மறைந்தபோது நம் பல்கலைக்கழக வட்டத்தில் எத்தனை பேர் ஒரு வரி எழுதினோம்?

மூன்றாவது மறுப்பு நம்மைப் பற்றியது: நாமே வறியவர்கள், நம்மிடம் வந்து தியாகம் பேசாதே என்பது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய் என்பது நீண்ட காலமாக மாறாத தொகை. மயூர் விஹாரில் ஒரு படுக்கையறை வீட்டு வாடகையின் பாதிக்கும் அது காணாது. ஆகவே வேலை வேண்டும், நல்ல ஊதியத்தில் வேண்டும். தியாகம் என்ற சொல்லை நான் பயன்படுத்தவே மாட்டேன். அச்சொல்லைக் கொண்டுதான் அங்கன்வாடிப் பெண்களை ஐம்பதாண்டுகளாக ஏய்த்து வந்திருக்கின்றனர். நம் எட்டாயிரத்தையும் அவர்களின் நாலாயிரத்து ஐந்நூறையும் நிர்ணயிப்பது ஒரே மனப்பாங்கு: இது ஊதியமன்று, உதவி. அப்படியிருக்க, மேல்தளத்தில் நமக்கு ஒரு நாற்காலி கிடைத்தவுடன் அதே மனப்பாங்கைக் கீழ்த்தளத்துக்கு நாமே எழுத்தில் வடித்துத் தருவது எந்த அறம்?

ஆகவே இத்துறையில் வேலை தேடும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இவை. நேர்காணலின் முடிவில், ‘உங்களுக்கு ஏதேனும் கேள்வி உண்டா’ என்று கேட்பார்கள். உண்டு என்று சொல்லுங்கள்.

ஒன்று: உங்கள் நிறுவனத்தில் குழந்தையோடு முழுநாளும் இருப்பவருக்கு என்ன ஊதியம்? வருங்கால வைப்புநிதி உண்டா? என் ஊதியத்துக்கும் அவர் ஊதியத்துக்கும் என்ன விகிதம்?

இரண்டு: என் பணிநாள்களில் எத்தனை நாள் மையத்தில், எத்தனை நாள் அலுவலகத்தில்? காலாண்டுக்கு ஒருமுறை வண்டியில் சென்று படமெடுத்துத் திரும்புவதைக் களப்பணி என்று எண்ண வேண்டாம்.

மூன்று: களத்தில் உள்ள குழந்தைகளின் வீட்டுமொழிகள் எவை? அம்மொழி பேசும் பணியாளர் எத்தனை பேர்? இவ்விரண்டுக்கும் விடையில்லாத இடத்தில் மொழிக் கருவி செய்து தர மறுக்க நமக்கு உரிமையுண்டு. மறுப்பதே நம் பயிற்சிக்கு நேர்மை.

நான்கு: பணியாளர்கள் சொன்ன பாட்டும் கதையும் விளையாட்டும் கையேட்டில் அச்சாகும்போது அவர்கள் பெயர் அட்டையில் வருமா, நன்றியுரையில் வருமா, வரவே வராதா?

ஐந்து: கடந்த ஐந்தாண்டுகளில் கீழ்த்தளத்திலிருந்து ஒருவராவது பயிற்றுநராகவோ ஆய்வாளராகவோ உயர்ந்திருக்கிறாரா? இல்லையெனில் அதற்கென ஓர் ஆண்டு விடுப்பும் படிப்புச் செலவும் தர நிறுவனம் ஆயத்தமா?

இவற்றைக் கேட்டால் வேலை கிடைக்காது என்பீர்கள். ஒருவர் கேட்டால் கிடைக்காது. ஆண்டுதோறும் இந்நகரின் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவரும் கல்வியியல், மொழியியல், சமூகப்பணி மாணவர் அனைவரும் கேட்டால், விடையைத் தயாரித்து வைத்திருக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு வரும். நம்மிடமும் பேரம் பேசும் ஆற்றல் உண்டு. அறிக்கை எழுத அவர்களுக்கு நாம் வேண்டும். அந்த ஆற்றலை நம் ஊதியத்தை ஐயாயிரம் உயர்த்திக்கொள்ள மட்டுமே செலவிட்டால், அடுத்த ஐம்பதாண்டு அறிக்கைகளிலும் ‘பணியாளர்களின் திறன் போதாமை’ என்ற துணைத்தலைப்பு தவறாமல் இடம்பெறும். அதை எழுதுவதும் நாமாகவே இருப்போம்.

அங்கன்வாடிக்கு வரும் நான்கு வயதுக் குழந்தைக்குச் சட்டமும் தெரியாது, தீர்ப்பும் தெரியாது. அது அப்பெண்ணை ‘டீச்சர்’ என்றே அழைக்கிறது. தில்லியில் ‘மேடம்’, ‘தீதி’ என்றும் அழைக்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைக் குழந்தை சரியாகவே கற்றிருக்கிறது. அரசாணைதான் இன்னும் கற்கவில்லை.

உடன்படாதோர் எண்களோடு வருக, விவாதிப்போம். அங்கன்வாடியிலோ காப்பகத்திலோ பணிபுரியும் தோழியர் எவரேனும் இதை வாசித்தால், நான் சொன்னவற்றுள் எது உங்கள் அனுபவத்தோடு பொருந்தவில்லை என்று எழுதுங்கள். உங்கள் பின்னூட்டத்தை முதலில் நிறுத்துவேன்.

மயூர் விஹார், தில்லி